‘ர’வை வெட்டி ‘ட’வை ஒட்டினது

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் புதுப் புத்தகம் செய்யினமாம். இங்கிலீசுச் சொல்லுகளைத் தமிழில எழுதேக்க ‘ர’ போடுறதோ ‘ட’ போடுறதோ எண்டு திரும்பவும் இழுபறியாம். அந்த ஆசிரியர்மாரில ரெண்டு பேர் வீட்டை வந்து, முதல் புத்தகத்துக்கு உந்த இழுபறியை எப்பிடித் தீர்த்தவை, எங்கட ஆண்டு மலருக்கு எழுதித் தாங்கோ தங்கம் அன்ரி எண்டு கேட்டினம். நான் நாலாம் வகுப்போட நிண்டவள். எழுதினால் மெல்ல மெல்லத்தான் வரும், பிழையும் வரும், நீங்கள் பார்த்துத் திருத்துங்கோ எண்டு சொல்லித்தான் ஓம் பட்டனான். ஆனால் அவை கேட்ட இடம் சரி. அந்தப் புத்தகத்தை எழுதினவை பல பேர். ஒட்டினது நான் ஒருத்தி.

கனடாவுக்கு வந்த புதிசில நாங்கள் பார்க்டேலில இருந்தனாங்கள். ஹோட்டலில அறை துப்பரவாக்கிற வேலை. பிறகு மகன் ஸ்காபரோப் பக்கம் வீடு எடுக்க, அஜின்கோர்ட்டில குலசிங்கம் தம்பியின்ர அச்சுப் பிரசில கடுதாசி மடிக்கச் சேர்ந்தன். மரக்கறிக் கடைக்குப் பின்னால ஒரு நீட்டு அறை. கலியாணக் காட், கோயில் நோட்டீஸ், செத்தவீட்டு நினைவு மலர், கடையளின்ர விளம்பரம் எல்லாம் அங்கதான். மேசை வேலை பார்த்தவர் ரக்சி ஓடப் போக, அந்த மேசை எனக்கு வந்தது. பழகினது ஒரு குளிர்காலம். அதுக்குப் பிறகு நான் வேலையை விடுமட்டும் அந்த மேசையில வேற ஆரும் கை வைக்கேல்லை.

மேசை எண்டால் மேல பால் நிறக் கண்ணாடி, அடியில ரியூப் லைற். கொம்பியூற்றரில அடிச்ச எழுத்து மினுங்கிற கடுதாசியில வரும். அந்தக் கடுதாசியின்ர முதுகில உருக்கின மெழுகு பூச வேணும். கூடப் பூசினால் வழுக்கும், குறைஞ்சால் கழரும். இளநீலக் கோடு போட்ட மட்டையில அதை வச்சு, ரூலர் பிடிச்சு நேர் பார்த்து, சின்ன உருளையால அமத்திறது. பிழை வந்தால் பக்கத்தைத் திரும்ப எடுக்கிறேல்லை, கடுதாசி விலை. பிழையான எழுத்தை மட்டும் பிளேட்டால வெட்டிக் கிளப்பிப்போட்டு, நல்ல எழுத்தை ஊசிமுனையில தூக்கி அந்த இடத்தில இருத்திறது. வெட்டின விளிம்பு எழும்பி நிக்கக் கூடாது. நிண்டால், அச்சுக்குப் பக்கத்தைப் படம் எடுக்கிற கமரா அந்த நிழலையும் பிடிக்கும், அச்சில மயிர் விழுந்த மாதிரி வரும்.

எனக்கு வாசிக்க நேரம் எடுக்கும். ஆனால் ஒரு எழுத்துச் சரிஞ்சு நிண்டால் மேசைக்குக் கிட்டப் போகமுந்தியே கண்ணில குத்தும். என்ர கையால போன பக்கம் ஒண்டில வரி கோணினது எண்டு ஆரும் சொன்னதில்லை.

குலசிங்கம் தம்பி என்னை விட வயதில குறைவு, என்னை அக்கா எண்டுதான் கூப்பிடுவார். ஆனாலும் அவர்தான் முதலாளி. அவரின்ர வாயில ‘ஏலாது’ எண்ட சொல்லு வராது. ‘பாப்பம்’ எண்டால் ஏலாது. ‘பாப்பம் பாப்பம்’ எண்டால் ஏலும், ஆனால் நாளைக்கு இல்லை. ஒரு நாளும் பேசமாட்டார். வேலையில பிழை கண்டால், அச்சுத் தாளைக் கொண்டு வந்து மேசையில விரிச்சு, எழுத்துப் பார்க்கிற பூதக்கண்ணாடியைப் பிழை இருக்கிற இடத்தில வச்சுப்போட்டு, ஒண்டும் சொல்லாமல் போய்த் தேத்தண்ணி ஊத்துவார். நாங்கள் குனிஞ்சு அதுக்குள்ளால பார்க்க வேணும். அதை விட நாலு பேச்சுப் பேசினால் பறவாயில்லை எண்டு இருக்கும்.

அந்தப் பிரசுக்குத்தான் தொண்ணூறுகளின்ர நடுவில ஆசிரியர்மார் வந்தவை. சனிக்கிழமை வகுப்புக்கு இந்தியாவில இருந்து வாற புத்தகத்தில இங்கத்தைப் பிள்ளையளுக்குத் தெரிஞ்ச ஒண்டும் இல்லை. ஸ்னோ இல்லை, ஸ்கூல் பஸ் இல்லை. அதால நாங்களே ஒண்டு செய்வம் எண்டு வெளிக்கிட்டினம். அவைக்குத் தலை மங்கையர்க்கரசி ரீச்சர்.

ரீச்சர் ஊரில பெரிய பெண்கள் பள்ளிக்கூடத்தில தமிழ் படிப்பிச்சவ. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கைக்குட்டைக்குள்ள சுத்தின மூக்குக் கண்ணாடி. கதைக்கேக்க வசனத்தை முடிக்காமல் விடமாட்டா. நாங்கள் இடையில புகுந்தால், நாங்கள் முடிக்குமட்டும் பொறுத்திருந்து, விட்ட சொல்லில இருந்து தொடங்குவா. முதல் நாள் திருத்தின பக்கத்தைச் சிவப்பு மையில கொண்டு வந்தா. பக்கம் முழுக்கச் சிவப்பு. சிவப்பைக் கமரா கறுப்பாய் எடுக்கும் ரீச்சர், இளநீலப் பென்சில்தான் அதுக்குத் தெரியாது எண்டு சொல்லி ஒரு பென்சிலை நீட்டினன். திருப்பித் திருப்பிப் பார்த்தா. ‘தெரியாத நிறத்தில திருத்தினால் பிள்ளை எப்பிடித் திருந்தும்’ எண்டு கேட்டா. பிள்ளைக்கில்லை ரீச்சர், எனக்கு எண்டன். அதுக்குப் பிறகு நீலம்தான்.

முதல் வந்த மாற்றம் பெரிய கரைச்சல் தரேல்லை. பழைய எழுத்தில ‘னை’, ‘லை’ எல்லாம் மேல தும்பிக்கை வச்சிருக்கும். எனக்கு ஊரில எழுதப் பழக்கினது அதுதான், ரீச்சரின்ர கையும் அதுதான். புத்தகங்களில எப்பவோ மாறியிட்டுது, எங்கட கொம்பியூற்றரிலும் அந்த எழுத்து இல்லை. ஆசிரியர்மார் இருந்து கதைச்சினம். பிள்ளைக்குப் படிக்க வேண்டிய உருவம் குறையும், விடுவம் எண்டு ரீச்சரே சொன்னா. தும்பிக்கை போனது ஒரு பின்னேரத்துக்குள்ள. தன்ர கையெழுத்தில மட்டும் அவ கடைசி வரைக்கும் வச்சிருந்தா.

‘ர’ அப்பிடிப் போகேல்லை.

எங்கட ஆக்கள் இங்கிலீசுச் சொல்லை ‘ர’வில தொடங்கி எழுதுவினம். ரீச்சர், ரக்சி, ரிக்கெற், ரொறன்ரோ. எழுத்து ‘ர’ எண்டாலும் நாக்கு மேலண்ணத்தில தட்டி இங்கிலீசு T சத்தத்திலதான் வாசிக்கும். எங்களுக்கு அது ஆரும் சொல்லித் தரேல்லை, தன்பாட்டில வந்தது. இங்க பிறந்த பிள்ளையளுக்கு வரேல்லை. அதுகளுக்கு ‘ர’ எண்டால் ‘ர’தான். கல்லு மாதிரி.

வருச நடுவில பெற்றோர் கூட்டம் ஒண்டு. ரீச்சரின்ர வகுப்புப் பிள்ளை ஒண்டு, நான் இன்ன ஊரில் வசிக்கிறேன் எண்டு எழுதினதை எழும்பி நிண்டு வாசிச்சுது. எழுதினது ரொறன்ரோ. வாசிச்சதும் ரொறன்ரோதான், ரம்பத்தில வாற ‘ர’ போட்டு. சபை சிரிச்சுது. தேப்பன் எழும்பி, ‘தமிழ் படிக்கப் போய்ப் பிள்ளை தானிருக்கிற ஊரின்ர பேரையே மறந்திட்டுது. உதுக்கோ நான் சனிக்கிழமை ஓவர்ரைமை விட்டிட்டு ஏத்தி இறக்கிறன்’ எண்டார். அடுத்த கிழமை அந்தப் பிள்ளை வரேல்லை. அதுக்குப் பிறகு இன்னும் சில பேர். குறிச்ச அளவு பிள்ளையள் இல்லாட்டி வகுப்பை மூடி, மிச்சத்தை வேற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப் போடுவினம். ரீச்சருக்கு அங்க வகுப்பு இல்லை.

அவவுக்கு அது என்னெண்டு எனக்குத் தெரியும். கிழமை நாளில அவ மஃபின் செய்யிற தொழிற்சாலையில, தலைக்கு வலை போட்டுக்கொண்டு பெட்டி அடுக்கிறவ. அங்கத்தைப் பெரியவனுக்கு அவவின்ர பேர் நாக்கில வராது. ஒரு நாள் பக்கம் பார்க்க வந்திருந்து, தேத்தண்ணி குடிக்கேக்க சொன்னா.

‘அஞ்சு நாளும் என்ர பேர் மங்கி, தங்கம். குரங்கைக் கூப்பிடுற மாதிரித்தான் கூப்பிடுறான். சனிக்கிழமை ஒரு நாள்தான் நான் ரீச்சர்.’

சொல்லிப்போட்டுச் சிரிச்சா. நானும் சிரிச்சன். வேற என்ன செய்யிறது.

புத்தகத்தின்ர பக்கங்கள் எல்லாம் அப்ப ‘ர’வோட ஒட்டி முடிஞ்சு மட்டையில அடுக்கிக் கிடந்தது. கமராவுக்கு அனுப்பினால் சரி. அந்த நேரம்தான் நேசன் மாஸ்ரர், அவையின்ர குழுவில இளம் ஆள், நிப்பாட்டச் சொன்னார். ஊரில இருந்து வெளிக்கிட்டு மெட்ராசில சில வருசம் நிண்டு வந்தவர், பிள்ளையளும் அங்க படிச்சது. எல்லாத்தையும் ‘ட’ ஆக்குவம் எண்டார். டக்சி, டிக்கெட், டொரன்டோ. உலகம் முழுக்கத் தமிழர் அப்பிடித்தான் எழுதினம் எண்டார்.

கூட்டம் பிரசிலதான் நடந்தது, என்ர மேசைக்கு இந்தப் பக்கம். குலசிங்கம் தம்பி கதிரை போட்டுக் குடுத்துப்போட்டு, ‘பாப்பம்’ எண்டு உள்ளுக்குப் போயிட்டார். ரீச்சர் முதலில இலக்கணம் சொன்னா, தமிழில ‘ட’ சொல்லுக்கு முன்னுக்கு வராது எண்டு. நேசன் மாஸ்ரர் பணிவாய்த்தான் கேட்டார், ‘ர’வும்தான் வராது, அப்ப முன்னுக்கு ஒரு ‘இ’ போட்டு இரொறன்ரோ எண்டு எழுதுவமோ எண்டு. மற்ற ஆசிரியர்மார் சிரிச்சினம். ரீச்சர் சிரிப்பு அடங்குமட்டும் இருந்தா. பிறகு தன்ர மெய்யான காரணத்தைச் சொன்னா. நாங்கள் டொலர் எண்டு எழுதிறம், டொக்டர் எண்டு எழுதிறம். எங்கட வாயில முன்னுக்கு வாற ‘ட’ அந்த D சத்தத்துக்கு உரியது. ரெண்டு சத்தத்துக்கு ரெண்டு எழுத்து வச்சிருக்கிற ஆக்கள் நாங்கள். ரொறன்ரோவை ‘ட’வில எழுதினால், பிள்ளை டொலருக்கு வாற சத்தத்தில வாசிக்கும். ஒரு பிழையைக் குடுத்து இன்னொரு பிழையை வாங்கிறதோ எண்டு கேட்டா.

மெட்ராசில நிண்டு வந்தவைக்கு எங்கட காது போயிட்டுது எண்டு பின்னால இருந்து ஒருத்தர் நக்கலடிச்சார். ரீச்சர் திரும்பிப் பார்த்த பார்வையில அந்தாள் தலையைக் குனிஞ்சிட்டார். கூட்டம் முடியாமல் முடிஞ்சுது.

போகேக்க ரீச்சர் என்ர மேசையடியில நிண்டு, ரெண்டு தாள் செய்து தரச் சொன்னா. அதே சொல்லுகள். ஒண்டில ‘ர’, மற்றதில ‘ட’. சனிக்கிழமை வகுப்புக்கு நீயே கொண்டு வா எண்டா.

கொண்டு போனன். பள்ளிக்கூடத்தின்ர கடைசி அறை, சின்னக் கதிரையள். தன்ர பிள்ளையளை அவ முன்னுக்கு வந்து நிண்டு வாசிக்க விட்டா. தான் போய்ப் பின் கதிரையில இருந்தா. வாசிக்கேக்க முகத்தைப் பார்த்து விடை கண்டுபிடிக்குங்கள், அதுக்குத்தான் பின்னால இருக்கிறன் எண்டு என்னட்டைச் சொன்னா. நான் கதவடியில நிண்டன்.

முதல் தாள். ரக்சி எண்டதை ஒரு பெட்டை நல்ல வடிவாய், எழுத்துப் பிசகாமல், ‘ர’ போட்டு வாசிச்சுது. அப்பிடியெண்டால் என்ன எண்டு ரீச்சர் பின்னால இருந்து கேட்டா. தெரியாது ரீச்சர், சாப்பாடோ எண்டுது. ரிக்கெற் எண்டதை வாசிச்ச பெடியன், கிரிக்கெற்றில ஒரு எழுத்து விட்டுப்போச்சுதோ எண்டு கேட்டான். ஒவ்வொருத்தராய் வந்து பிழையில்லாமல் வாசிச்சுதுகள், ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்கேல்லை.

ரெண்டாம் தாள். அதே பெட்டை டக்சி எண்டு டொலருக்கு வாற சத்தத்தில வாசிச்சுது. ரீச்சர் சொன்ன அதே பிழை. வாசிச்சுப்போட்டு ஒரு கணம் நிண்டுது. பிறகு, ‘ஓ, ரக்சி’ எண்டு சரியான இங்கிலீசில சொல்லிச்சுது. வகுப்பு முழுக்கச் சிரிச்சுது. அதுக்குப் பிறகு அதுகளைப் பிடிக்க ஏலாது. ஒண்டு வாசிக்கமுந்தி மற்றது கத்திச்சுது.

ரீச்சர் ரெண்டு தாளையும் வாங்கி நாலாய் மடிச்சா. வெளிய நடையில என்னோட வந்தா.

‘ரெண்டும் பிழையாத்தான் போச்சுது, தங்கம். ஆனால் ஒண்டைப் பிழையாய் வாசிச்சும் பிள்ளை வீட்டை வந்து சேர்ந்திட்டுது.’



அடுத்த கூட்டத்தில அவவே எழும்பிச் சொன்னா. வகுப்பில என்ன நடந்தது எண்டு சொல்லு விடாமல் சொன்னா, அந்தச் சாப்பாட்டையும் கிரிக்கெற்றையும் கூட. ‘ட’ போடுவம் எண்டா. நேசன் மாஸ்ரர் தான் வெண்டிட்டன் எண்ட முகம் காட்டேல்லை. உங்கட காரணம் சரிதான் ரீச்சர் எண்டார்.

‘சரியாய்க் கிடந்து என்ன, நேசன். வகுப்பில பிள்ளை இல்லாட்டி அந்தச் சரியை ஆருக்குப் படிப்பிக்கிறது?’

தமிழ்ச் சொல்லு இருக்கிற இடத்தில தமிழ்ச் சொல்லு, இல்லாத இடத்தில ‘ட’. அதுதான் முடிவு. எல்லா ஆசிரியரும் கை உயர்த்திச்சினம். அரசாங்கம் ஒண்டும் வந்து சொல்லேல்லை. அண்டைக்கு அந்தக் கதிரையளில இருந்தவை தங்கட வகுப்பில என்ன செய்யிறதெண்டு சொன்னவை, அவ்வளவுதான்.

குலசிங்கம் தம்பி கேட்டிட்டு ‘பாப்பம் பாப்பம்’ எண்டார். பக்கங்களைத் திரும்ப எடுக்கக் கடுதாசிக்குக் காசில்லை. அப்ப வெட்டி ஒட்டிறதுதான். ரீச்சர் தொழிற்சாலையில காலமை வேலை முடிச்சு நேரே வருவா. வலை போட்ட அடையாளம் நெத்தியில சிவந்து கிடக்கும். கைகழுவிப்போட்டு எனக்கு முன்னால இருந்து, ஒவ்வொரு பக்கமாய் வாசிச்சு, ‘ர’வைக் கண்ட இடத்தில நீலப் பென்சிலால வட்டம் போட்டுத் தள்ளுவா. நான் வெட்டுவன். ரொறன்ரோ கரைச்சல், முதல் எழுத்தை மட்டும் மாத்த ஏலாது, சொல்லு முழுக்கக் கிளப்ப வேணும். புது எழுத்து வேற நாள் எடுத்த கடுதாசி, ஒரு சொட்டுக் கறுப்புக் கூட. இண்டைக்கும் அந்தப் புத்தகத்தை விரிச்சால் தெரியும். அது என்ர கைப்பிழை இல்லை.

வெட்டின ‘ர’ எல்லாம் மெழுகோட கண்ணாடியின்ர கரையில ஒட்டிக்கொண்டு கிடக்கும். உதுகளை என்ன செய்யிறனி எண்டு ஒரு நாள் கேட்டா. குப்பைதான் ரீச்சர் எண்டன். ம் எண்டா. அடுத்த பக்கத்தை எடுத்தா.

கடைசிக்குக் கிட்ட ஒரு பாடம், ‘எங்கள் ரீச்சர்’ எண்டு. அவவே எழுதினது. எங்கள் ரீச்சர் கதை சொல்லுவார், எங்கள் ரீச்சர் பாட்டுச் சொல்லித் தருவார் எண்டு பிள்ளை சொல்லுற மாதிரி. அந்தப் பக்கம் வர அவவின்ர பென்சில் நிண்டிட்டுது. நேசன் மாஸ்ரரும் அண்டைக்குப் பக்கம் எடுக்க வந்து நிண்டவர். எட்டிப் பார்த்தார். அவருக்கும் விளங்கியிட்டுது. அந்த ஒண்டை அப்பிடியே விடுவம் ரீச்சர், ஒருத்தரும் கேக்க மாட்டினம் எண்டார்.

‘ஒண்டை விட்டால் பேந்து அது நாங்கள் எடுத்த முடிவில்லை, நேசன்.’

பென்சிலை எடுத்துத் தலைப்பில வட்டம் போட்டா. மேல ‘ட’ எழுதுவா எண்டு பார்த்தன். எழுதேல்லை. டீச்சர் எண்டால் அவவுக்குச் சினிமாப் படத்தில பிரம்போட வாற பொம்பிளைதான், முந்தி ஒருக்கால் சொல்லியிருக்கிறா. பிறகு நீலத்தில ‘ஆசிரியை’ எண்டு எழுதினா. தமிழ்ச் சொல்லு இருக்கிற இடத்தில தமிழ்ச் சொல்லு. சட்டப்படி சரி.

‘இடம் காணுமோ, தங்கம்?’ எண்டு கேட்டா.

காணாது. ரீச்சர் எண்டதை விட ஆசிரியை நீட்டு. ஒவ்வொரு வரியையும் சொல்லுச் சொல்லாய் வெட்டி, இடைவெளியில மயிரளவு மயிரளவாய்க் களவெடுத்துத்தான் இருத்தினன். அந்த ஒரு பக்கத்துக்கு ஒரு பின்னேரம் போச்சுது. குலசிங்கம் தம்பி அந்தப் பக்கத்தில பூதக்கண்ணாடியைக் கொண்டு வந்து வைக்கேல்லை.

செப்ரெம்பரில வகுப்புத் தொடங்கேக்க, புத்தகப் பெட்டியளோட நானும் வான் வண்டியில போனனான். அறை நிறையப் பிள்ளையள். போன வருசம் நிண்டுபோன பிள்ளையளில சிலது திரும்ப வந்திருந்துதுகள். அந்த ஊர்ப்பேர் வாசிச்ச பிள்ளையும், தேப்பனும். வகுப்பை மூடுற கதை அதோட போச்சுது. கண்பார்வை குறைஞ்சு தானாய் நிப்பாட்டுமட்டும் ரீச்சர் அந்த அறையிலதான் படிப்பிச்சவ.

பல மாதம் போக, இன்னும் கொஞ்சப் புத்தகம் குடுக்கப் போனன். ரீச்சர் கரும்பலகையில எழுதிக்கொண்டு நிண்டா. ‘எங்கள் ஆசிரியை’ பாடம் முடிஞ்சுது போலை. பின் கதிரையில ஒரு குஞ்சுப் பெடியன் கையை உயர்த்தினான்.

‘ஆசிரியை, நான் வாஷ்ரூம் போகலாமோ?’

ஊரில ஒரு பிள்ளையும் ஒரு ரீச்சரையும் அப்பிடிக் கூப்பிட்டதில்லை. அது எழுதிற சொல்லு, கூப்பிடுற சொல்லில்லை. சுண்ணாம்புக்கட்டி கையில நிண்டுது. அவ பிள்ளையைத் திருத்துவா எண்டு நினைச்சன். திரும்பினா, பெடியனைப் பார்த்தா, ஓம், கெதியாய்ப் போட்டு வா எண்டா. பிறகு பாதியில விட்ட வசனத்தை முடிச்சா.

அதுக்குப் பிறகு அந்த வகுப்பில அவ ஆசிரியைதான். புத்தகத்தில எழுதியிருக்கிறபடி பிள்ளையள் கூப்பிட்டுதுகள், அதுகளுக்கு வேற தெரியாது. நேசன் மாஸ்ரரும் பிள்ளையளுக்கு முன்னால அப்பிடியே சொல்லப் பழகியிட்டார். அந்த அறையில ரீச்சர் எண்டு கூப்பிட்டது நான் மட்டும்தான். அவவும் ஒவ்வொரு முறையும் எழுதிறதை நிப்பாட்டிப்போட்டு, என்ன தங்கம் எண்டு கேப்பா.